500 சிப் போக்கர் பெட்டி: முதல் ஒரு மணி நேரத்துக்கு இது தாங்குமா?

செங்கோட்டையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சீட்டாட்டக் குழுவுக்காக வாங்கிய, பந்தயம் வைக்கும் வில்லைகளாகிய சிப்கள் 500 கொண்ட போக்கர் பெட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. இரண்டு சாரல் பருவங்கள் பார்த்துவிட்ட பெட்டி இது. ஒரே அச்சில் வார்த்து, பல பெயர்களில் இணையக் கடைகளில் விற்கும் வகையைச் சேர்ந்தது என்பதால் நிறுவனப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. விலை சுமார் 4,000 ரூபாய். சிப்பின் பளபளப்பு, எடை, பெட்டியின் பூட்டு என்று பேசும் மதிப்புரைகள் ஏராளமாக இருக்கின்றன. நான் பார்க்க விரும்புவது வேறொன்று. ஒரு டோர்னமெண்டின் முதல் ஒரு மணி நேரத்தில், எல்லோரிடமும் நிறைய சிப் இருந்து பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) மிகச் சிறியதாக இருக்கும்போது, சரியான அளவில் பந்தயம் வைக்க இந்தப் பெட்டி துணைசெய்கிறதா, இடையூறு செய்கிறதா என்பதுதான் என் கேள்வி. வாங்கிய நிலையிலேயே பயன்படுத்தினால் இடையூறுதான் செய்கிறது. 300 ரூபாய் கூடுதலாகச் செலவழித்தால் நன்றாகத் துணைசெய்கிறது.

எங்கள் மேசையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் இது. சங்கு முத்திரை பொறித்த பழைய வளைவு இன்றும் சாலையில் நிற்கிறது. எல்லை மாறினாலும் உறவும் வியாபாரமும் மாறவில்லை என்பதால், எட்டுப் பேரில் மூவர் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அவர்கள் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள், நாங்கள் முந்நூற்று நான்கும் ரம்மியும் ஆடி வளர்ந்தவர்கள். மேசையில் பணம் வைப்பதில்லை, கட்டணமும் இல்லை. வென்றவரின் பெயர் பெட்டி மூடியின் உட்புறப் பஞ்சுப் பரப்புக்கு மேலே ஒட்டிய அட்டையில் தேதியோடு பென்சிலால் எழுதப்படும், அவ்வளவுதான் பரிசு. ஆட்டம் டெக்ஸாஸ் ஹோல்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு திறக்கும்; ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பந்தயச் சுற்று.

பெட்டியைத் திறந்தவுடன் கிடைப்பவை: 150 வெள்ளை, 150 சிவப்பு, 100 பச்சை, 50 கறுப்பு, 50 ஊதா சிப்கள், இரண்டு சீட்டுக் கட்டுகள், ஒரு டீலர் வில்லை, எதற்கென்றே தெரியாத ஐந்து பகடைகள். ஒவ்வொரு சிப்பும் 11.5 கிராம் என்று குறித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் சிப் மட்டுமே ஐந்தே முக்கால் கிலோ. பிளாஸ்டிக்குக்குள் உலோகத் தகடு வைத்து எடை கூட்டும் முறை இது. சூதாட்ட விடுதிகளில் புழங்கும் சிப்கள் உண்மையில் இதைவிட இலேசானவை என்பதால், எடை அதிகம் என்பதே தரம் அதிகம் என்று நம்பி யாரும் 14 கிராம் பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. கையில் ஓசை நன்றாக இருக்கிறது. அடுக்கினால் இருபது வரை ஆடாமல் நிற்கிறது. அதற்கு மேல் புதுசிப் வழுக்குகிறது. பழகப் பழக வழுக்கல் குறைந்துவிட்டது.

குறை சிப்பின் முகத்தில் அச்சிட்டிருக்கும் எண்களில் இருக்கிறது. வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100, ஊதா 500. இது காசுக்கு ஈடாகச் சிப் வாங்கி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகும் ஆட்டத்துக்கான வரிசை. பிளைண்ட் படிப்படியாக ஏறி ஒருவர் மட்டும் மிஞ்சும் டோர்னமெண்டுக்கானது அன்று. முதல் மாதம் இது எங்களுக்கு உறைக்கவில்லை. வழக்கமான 25/50 பிளைண்டில் (சிறியது 25, பெரியதாகிய பிக் பிளைண்ட் 50) தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். அதில் 1, 5 இரண்டுக்கும் வேலையே இல்லை. ஆக 300 சிப்கள் பெட்டியிலேயே தங்கிவிட்டன. மிச்சத்தை எட்டாகப் பிரித்தால் தலைக்குப் பன்னிரண்டு பச்சை, ஆறு கறுப்பு, ஆறு ஊதா. மொத்தம் 3,900, அதாவது 78 பிக் பிளைண்ட். கேட்பதற்கு மோசமில்லை. ஆனால் அந்த 3,900-இல் 3,000 ஊதாவில் முடங்கிக் கிடக்கிறது. நூறு மதிப்புள்ள சிப் ஆளுக்கு ஆறே ஆறு. 150 வைக்க வேண்டிய இடத்தில், குறைந்துவரும் கறுப்பைக் கொடுக்க மனம் வராமல் கை தானாக ஒற்றை ஊதாவை எடுத்து நடுவில் வைத்துவிடுகிறது. பேருந்தில் சில்லறை இல்லாமல் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவதைப் போன்றதுதான். வித்தியாசம், இங்கே மீதி தர நடத்துநர் இல்லை.

அன்று நடந்த ஒரு கையை அப்படியே சொல்கிறேன். மரக்கடை வைத்திருக்கும் எங்கள் அண்ணாச்சிக்கு ராஜா ஜோடி வந்தது. ஊதா ஒன்றை வைத்தார். அதாவது 500, பத்து பிக் பிளைண்ட். புனலூர்ச் சேட்டன் ஏழு ஜோடியோடு கால் செய்தார், அதாவது அதே அளவை வைத்துக் கூட வந்தார், மற்றவர்கள் விலகினார்கள். நடுவில் 1,075. திறந்த மூன்று சீட்டுகள் கிளாவர் ஏழு, ஆர்ட்டின் ராணி, டைமன் இரண்டு. அண்ணாச்சி இரண்டு ஊதாவைத் தள்ளினார், சேட்டன் கூடவே வந்தார், நடுவில் 3,075 ஆனது. இருவரிடமும் மீதி 2,400. அடுத்த சீட்டில் அதுவும் போயிற்று. ஆட்டம் தொடங்கிப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணாச்சி எழுந்து எல்லோருக்கும் கட்டஞ்சாயா போடப் போய்விட்டார்.

அவருடைய சீட்டு மோசமில்லை. வைத்த அளவுதான் மோசம். 25-உம் 50-உமாக நடுவில் கிடப்பது 75. அதை அள்ளுவதற்காக 500-ஐ முன்னால் வைத்தால், நூற்றுக்கு 87 தடவை எல்லோரும் விலகினால்தான் அந்தத் துணிச்சல் தன்னளவில் ஈடாகும். 150 வைத்தால் 67 தடவை போதும். அதோடு 500-ஐக் கண்டு விலகுகிறவர்கள் எல்லாம் நம்மிடம் தோற்கக்கூடிய சீட்டுக்காரர்கள். கூட வருகிறவர் பெரும்பாலும் வலுவான சீட்டுக்காரர், அல்லது அன்றைய சேட்டனைப் போலக் கணக்குப் பார்க்காதவர். ஆம், சேட்டன் செய்ததும் தவறுதான். கையிலிருக்கும் ஜோடி திறந்த மூன்று சீட்டில் மூன்றாவதைச் சந்திப்பது சுமார் எட்டரைக்கு ஒரு தடவை. 3,900 வைத்திருப்பவர் அதற்காக 500 கொடுத்தால், சந்தித்தபின் முழுவதையும் வென்றாலும் கொடுத்த விலைக்கு எட்டு மடங்குகூட வராது. சந்தித்த ஒவ்வொரு முறையும் எதிராளி முழுவதையும் கொடுத்துவிடுவார் என்பதற்கும் உறுதியில்லை.

மேசையின் மறுகோடியில் நேரெதிரான பழக்கம் இருந்தது. இருபத்தெட்டில் ஏலம் 14-இல் தொடங்கும். அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். அந்தப் பயிற்சியில் ஊறிய தென்மலை நண்பர், எந்த நல்ல சீட்டு வந்தாலும் ஆட்ட விதி அனுமதிக்கும் குறைந்தபட்சமாகிய 100-ஐ மட்டும் வைத்தார். அப்படி வைத்தால் பிக் பிளைண்டில் இருப்பவர் இன்னும் 50 போட்டு 225-க்குப் போட்டியிடுகிறார். அவருக்கு நூற்றுக்கு 22 வாய்ப்பு இருந்தால் போதும், கையில் எது இருந்தாலும் பார்த்துவிடலாம். அவரைப் பார்த்து மற்றவர்களும் வருவார்கள். ஏஸ் ஜோடி ஓர் எதிராளிக்கு எதிராக நூற்றுக்கு 85 தடவை வெல்லும். நான்கு பேர் வந்துவிட்டால் அது 56 அளவுக்கு இறங்கிவிடும். பெட்டியை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆயினும் 25-உம் 100-உம் தாராளமாகக் கையில் இருந்திருந்தால் 100-க்கும் 500-க்கும் இடையே உள்ள அளவுகள் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

இரண்டாம் மாதத்துக்கு முன் பெட்டியைத் திருத்தினோம். தென்காசியில் ஒரு ஸ்டிக்கர் கடையில் 25 மில்லிமீட்டர் வட்டத்தில் புதிய எண்களை அச்சிட்டு, சிப்பின் இரு முகத்திலும் ஒட்டினோம்: வெள்ளை 25, சிவப்பு 100, பச்சை 500, கறுப்பு 1,000, ஊதா 5,000. இப்போது தலைக்குப் பன்னிரண்டு வெள்ளை, பன்னிரண்டு சிவப்பு, ஐந்து பச்சை, ஆறு கறுப்பு கொடுத்தால் சரியாக 10,000 வருகிறது. எட்டுப் பேருக்கு 96 வெள்ளை, 96 சிவப்பு, 40 பச்சை, 48 கறுப்பு; கறுப்பில் இரண்டே மீதி. அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்திய இந்தக் கணக்குதான் நான் இந்தப் பெட்டியை இன்னும் கைவிடாததற்குக் காரணம். ஒன்பதாவது ஆள் வந்தால் கறுப்பு நான்கு குறையும். ஒருவருக்கு அதற்கு ஈடாகப் பச்சையில் எட்டுக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒரு படி: 25/50, 50/100, 75/150. நான்காவது படி 100/200 ஆகும்போது வெள்ளையை மேசையிலிருந்து எடுத்துச் சிவப்பாக மாற்றிக் கொடுக்கிறோம். ஊதா, கடைசி மூவர் மிஞ்சும்வரை பெட்டியிலேயே இருக்கும்.

25/50-இல் 10,000 என்றால் 200 பிக் பிளைண்ட். லாஸ் வேகஸில் 1970 முதல் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மை ஆட்டத்தில் இப்போது 60,000 சிப்போடு, இரண்டு மணி நேரப் படிகளோடு தொடங்குகிறார்கள். கிறிஸ் மணிமேக்கர் 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்ற 2003-இல் தொடக்கம் 10,000-தான். எங்களுக்கு அவ்வளவு பொழுது இல்லை. கடைசி வண்டிக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த முதல் படியின் ஆழம் (பிளைண்டைப் போலப் பல மடங்கு சிப் கையில் இருப்பது) எங்களுக்கும் வாய்க்கிறது. இந்த ஆழத்தில் முதல் ரைஸ் (பந்தயத்தை ஏற்றுவது) 150, அதாவது மூன்று பிக் பிளைண்ட், என்பது எங்கள் மேசையில் நிலைத்துவிட்டது. முன்னால் வெறுமனே 50 போட்டு உள்ளே வந்தவர்கள் இருந்தால் ஆளுக்கு 50 கூட்டுகிறோம். இருவர் என்றால் 250. பந்தயச் சுற்றில் நாம் முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் தவறில்லை. பிற்பாடு சிப் வற்றி, 100/200-இல் பலர் ஐம்பது பிக் பிளைண்டுக்குக் கீழே வரும்போது, இதே ரைஸ் இரண்டு அல்லது இரண்டேகால் மடங்காகச் சுருங்க வேண்டும். தொடக்கத்தில் பெரிதாகவும் பின்னால் சிறிதாகவும் என்பது பலருக்கு முதலில் தலைகீழாகத் தோன்றுகிறது. கையில் நிறைய இருப்பவர் மலிவு விலையில் எதையும் பார்த்துவிட்டுப் பின்னால் பெரிதாக வெல்லக் காத்திருக்க முடியும். அந்தக் காத்திருப்புக்கு அவரிடம் விலை வாங்க வேண்டும். கையில் குறைவாக இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

திறந்த சீட்டுகளுக்குப் பிறகு வைக்கும் அளவில்தான் இந்தப் பெட்டியின் உண்மையான பரீட்சை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்த பிறகு, செல்பேசியில் ஆடிப் பழகிய இரண்டு தம்பிகள் எங்களோடு சேர்ந்தார்கள். கணக்கில் எங்களைவிடத் தேர்ந்தவர்கள். ஆனால் திரையில் பாதி, முக்கால், முழுப் பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தச் சிப்) என்று பொத்தான்கள் இருந்தன. இங்கே நடுவில் கொட்டிக் கிடக்கும் சிப்பைப் பார்த்து அதில் எவ்வளவு இருக்கிறது என்று தாமே எண்ண வேண்டும். முதல் இரவு இருவருமே தடுமாறினார்கள். சிறு மதிப்புச் சிப் போதுமான அளவில் இருந்தால் இந்த எண்ணிக்கை கைக்கு எளிதில் வருகிறது. ஒருவர் 150 வைத்து, ஒருவர் கால் செய்து, பிளைண்டுகள் விலகினால் நடுவில் 375. அதில் மூன்றில் ஒரு பங்கு 125. ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. பாதி என்றால் ஏறத்தாழ இரண்டு சிவப்பு. மூன்றில் இரண்டு என்றால் இரண்டு சிவப்பும் இரண்டு வெள்ளையும். இந்த மூன்று அளவுகளும் விரலுக்குப் பழகிவிட்டால் முதல் படியில் வேறு எதுவும் பெரிதாகத் தேவைப்படாது.

எந்த அளவை எப்போது என்பதற்கும் காரணம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு வைத்தால் எதிராளிக்கு நூற்றுக்கு 20 வாய்ப்பு இருந்தால் போதும். பாதி வைத்தால் 25 வேண்டும். முழுவதும் வைத்தால் 33. ஒரே இனத்தில் நான்கு சீட்டு வைத்துக்கொண்டு ஐந்தாவதற்குக் காத்திருப்பவருக்கு அடுத்த ஒரு சீட்டில் அது வரும் வாய்ப்பு, 47-இல் ஒன்பது, ஏறத்தாழ 19. ஆகவே திறந்த சீட்டுகளில் இரண்டு ஒரே இனமாக இருக்கும்போது 125 வைப்பது அவருக்குக் கிட்டத்தட்டச் சரியான விலையில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது போலாகும். அங்கே 200-ஓ 250-ஓ வைக்க வேண்டும். ராணி, ஏழு, இரண்டு என்று இனமும் தொடர்ச்சியும் இல்லாமல் காய்ந்து கிடந்தால் 125 போதும்.

இன்னொரு கணக்கை ஒரு மழை இரவில் தாளில் போட்டுப் பார்த்தோம். 375-இலிருந்து தொடங்கி மூன்று சுற்றிலும் பாதி பாதியாக வைத்தால் நடுவில் இருப்பது ஒவ்வொரு முறையும் இரட்டித்து 3,000 ஆகும். ஒவ்வொருவர் கையிலிருந்தும் போவது சுமார் 1,300. மூன்று சுற்றிலும் முழு அளவு வைத்தாலும்கூட ஆளுக்கு 4,875-தான் போகும். மீதமிருக்கும் 9,850-இல் பாதிக்கும் குறைவு. முதல் படியில் ஒரு கையில் முழுவதையும் இழக்க வேண்டுமென்றால் யாராவது அளவு மீறியாக வேண்டும், அல்லது ஏற்றியவர் மேலேயே ஒருவர் ஏற்றியாக வேண்டும். ஒற்றை ஜோடியோடு அந்த வேலையைச் செய்யாதிருப்பதுதான் முதல் மணி நேரத்துக்கான என் கருத்து.

திருத்திய பெட்டியோடு அண்ணாச்சிக்கும் சேட்டனுக்கும் மறுபடி ஒரு மோதல் வந்தது. அண்ணாச்சியிடம் ராணி ஜோடி, சேட்டனிடம் ஐந்து ஜோடி. 150, கால். எட்டு, ஐந்து, இரண்டு, மூன்றும் வெவ்வேறு இனம். அண்ணாச்சி ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் வைத்தார், கால். அடுத்து இஸ்பேடு ராஜா. 300 வைத்தார், கால். கடைசியில் மூன்று வந்தது. அண்ணாச்சி செக் சொன்னார், அதாவது பந்தயம் வைக்காமல் விட்டார், சேட்டன் 800 வைத்தார், அண்ணாச்சி சற்று யோசித்துவிட்டுக் கால் செய்தார். மொத்தம் போனது 1,375. கையில் 8,625 மீதி, இன்னமும் 172 பிக் பிளைண்ட்.

“மூணு அஞ்சு வெச்சிட்டு இவ்வளவுதானா அண்ணாச்சி?” என்றார் சேட்டன்.

“போன தடவை பெட்டியோட கொடுத்தேன் சேட்டா. இந்தத் தடவை சில்லறைதான்.”

எங்கள் ஆட்டத்தில் முதலாமவருக்கு மட்டுமே பெயர் என்பதால் இரட்டிப்பான சிப் இரட்டிப்பான வாய்ப்புதான். துணிந்து ஆடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். பல இடங்களுக்குப் பரிசு பிரித்துத் தரும் ஆட்டங்களில், வெல்லும் சிப்பைவிட இழக்கும் சிப்புக்கு மதிப்பு அதிகம். அங்கே அண்ணாச்சியின் நிதானம் இன்னும் பொருந்தும்.

ஒரு விதியைப் பெட்டியோடு வரும் துண்டுத் தாள் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். 2001-இல் தொடங்கிய டோர்னமெண்ட் இயக்குநர்கள் சங்கத்தின் விதிகளின்படி, முன்னால் ஒரு பந்தயம் இருக்கும்போது வாயால் எதுவும் சொல்லாமல் ஒற்றைப் பெரிய சிப்பை வைத்தால் அது கால் மட்டுமே, ரைஸ் ஆகாது. 500-ஐ வீசிவிட்டுப் பிறகு “நான் ரைஸ்” என்று வாதிடும் சண்டைகள் எங்களிடம் இரண்டு முறை நடந்தபின் இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அதன்பின் எல்லோரும் அளவை முதலில் சொல்லிவிட்டுச் சிப்பை வைக்கப் பழகினார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கூட வரும் சீட்டுக் கட்டுகள் காகிதம். குற்றாலத்தில் சாரல் இறங்கும் ஆனி, ஆடியில் எங்கள் மாடிக்கும் ஈரக் காற்று வருவதால் முதல் பருவத்திலேயே வளைந்து, எந்தச் சீட்டு என்று முதுகைப் பார்த்தே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டன. பிளாஸ்டிக் கட்டு தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அலுமினியப் பெட்டியின் இரண்டு கொக்கிகளில் ஒன்று எட்டாவது மாதம் கழன்றது. இப்போது அதன்மேல் ஒரு பழைய இடைவாரைக் கட்டியிருக்கிறோம். ஸ்டிக்கர்களிலும் வெள்ளையில் ஒட்டியவை ஓரம் தூக்குகின்றன. அதிகம் கைபடுவது அவைதான். எண் நேராக அச்சிட்ட பீங்கான் வகைச் சிப்கள் இருக்கின்றன, சுமார் 10 கிராம், மதிப்புகளை நாமே கேட்டு வாங்கலாம்; விலை பல மடங்கு. வாரந்தோறும் ஆடுகிறவர்கள் அதற்கே போகலாம். மாதம் ஒருமுறை எட்டுப் பேர் என்றால் இந்தப் பெட்டி போதும், அச்சிட்ட எண்ணை மறைக்கச் சம்மதம் என்றால். அதற்குச் சம்மதமில்லாதவர்கள், எண்ணே இல்லாத வெறும் வண்ணச் சிப் பெட்டியைத் தேடி வாங்கி, வண்ணத்துக்கு என்ன மதிப்பு என்று தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்வது நல்லது. 1, 5 என்று தொடங்கும் பெட்டியை அப்படியே டோர்னமெண்டுக்கு எடுக்கக் கூடாது.

மூடி அட்டையில் இதுவரை சேட்டன் பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது, அண்ணாச்சி பெயர் மூன்று. முதல் மாதத்து வரிசையில் சேட்டன் பெயருக்குப் பக்கத்தில் “சில்லறை இல்லாத நாள்” என்று அண்ணாச்சியே எழுதி வைத்திருக்கிறார்.